நிலைக்கணினியும் வருதிரையும்: பழைய லேப்டாப்போடு பழைய மானிட்டர் புணரும் விதிகள்

பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலே ஆகாது என்பது முன்னோர் கட்சி. ஆகவே நுதலிய பொருளை முதலில் சொல்லிவிடுகிறோம். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ஒருவர் செகண்ட் ஹேண்ட் மானிட்டர் வாங்குகிறார். பவர் கார்டை அதன் கழுத்தில் சுற்றி, திரையின்மேல் ஒரு நாளிதழை விரித்து, பைக்கின் பின்சீட்டில் இருக்கும் மைத்துனர் மடியில் உட்கார்த்தி வீடு கொண்டு சேர்க்கிறார். வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. இவ்விரண்டும் கூடுமா, கூடினால் எது தோன்றும், எது திரியும், எது கெடும் என்பதே இந்நூல் ஆராய்வது.

இதற்கு முதல்நூல் உண்டோ எனின், உண்டு. மானிட்டரைச் செய்த கம்பெனியே பல மொழிகளில் அச்சிட்டு அட்டைப்பெட்டிக்குள் வைத்திருந்தது. செகண்ட் ஹேண்ட் மானிட்டருக்கு அட்டைப்பெட்டி கிடையாது. முதல்நூல் இறந்துபட்ட துறையில் வழிநூல் செய்வது எத்தகைய பாடு என்பதைத் தமிழாய்வாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நூற்பயன் யாதோ எனின், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் வீட்டில் அமைதி. கேட்போர் யாரோ எனின், 'ஸ்கிரீன் சின்னதா இருக்கு, கண்ணு வலிக்குது' என்று சொல்லிப் புது லேப்டாப்புக்கு அடி போடும் பிள்ளைகளைப் பெற்ற எவரும்.

இனி, ஆய்வு நெறி. இத்துறைக்குப் பொறியியல் நெறி பொருந்தாது என்பது எம் துணிபு. பொறியியல் எப்போதும் அடுத்த ஆண்டு வரப்போகும் பொருளைப் பற்றியே பேசும். ஏற்கெனவே நிற்பதோடு புதிதாக வந்து சேர்வது முட்டிக்கொள்ளும் இடத்தைப் பற்றி இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து யோசித்தவர்கள் தமிழ் இலக்கண ஆசிரியர்கள்தாம். நிற்பது நிலைமொழி, வருவது வருமொழி. இரண்டும் சேரும்போது முன்னதன் ஈறும் பின்னதன் முதலும் மட்டுமே கணக்கு. நடுவில் உள்ள எழுத்துகள் எக்கேடு கெட்டாலும் புணர்ச்சிக்குக் கவலையில்லை. இங்கும் அதுவே. உள்ளே என்ன பிராசஸர், எத்தனை ஜிபி ராம் என்பது ஒரு பொருட்டன்று. லேப்டாப்பின் ஈற்றில் என்ன ஓட்டை, மானிட்டரின் முதலில் என்ன ஓட்டை என்பதே வினா. ஆயினும் கடைக்குப் போகிறவர் அனைவரும் அங்குலம் கேட்கிறார்கள். ஓட்டையைக் கேட்பவர் அரியர். இந்நூல் பிறந்த காரணம் அது ஒன்றே.

புணர்ச்சி என்ற சொல்லைக் கண்டு முகம் சுளிக்கும் வாசகர், பள்ளிக்கூட இலக்கணப் புத்தகத்தைப் புரட்டிக்கொள்ளட்டும். முகம் சுளிக்க வேண்டிய இடம் இதுவன்று, கேபிள் கடை. 'ரெண்டு பக்கமும் மேலா, இல்ல ஒரு பக்கம் ஃபீமேலா?' என்று கடைப் பையன் தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பான். மாமனாரோடு போனவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள்.

உறுப்பியல்

முதலில் நிலைக்கணினி. பழையது என்பதற்கு இலக்கணம் யாது? வாங்கிய ஆண்டு உதவாது. வாங்கிய அன்றே பழையதாக இருந்த லேப்டாப்கள் உண்டு. பக்கவாட்டில் மூன்று வரிசைக் குழிகளோடு, பெரும்பாலும் நீல நிறத்தில், இருபுறமும் திருகாணி ஏற்க மரையோடு ஓர் ஓட்டை இருக்குமாயின் அது பழையது என்க. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இத்துறைக்கு ஆற்றிய தொண்டு பெரிது. நிலைக்கணினி என்னும் உறுப்பைப் பல லட்சம் வீடுகளில் அது ஒரே வீச்சில் நிலைநாட்டியது. வாங்கிய மாணவர் வேலைக்குப் போய்விட்டார். லேப்டாப் மட்டும் பரணுக்கும் மேசைக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கிறது.

அந்த நீல ஓட்டை விஜிஏ. 1987-இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்தது. அன்று அதன் பெருமை 640-க்கு 480 புள்ளிகளில் 16 நிறம் காட்டுவது. வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசை, ஆக 15 ஊசி. எண்ணிப் பார்ப்பவர்களுக்குப் பல கேபிள்களில் 14 தான் வரும். நடு வரிசையில் ஒன்பதாம் இடம் வெறுமையாகக் கிடக்கும். 'பின் ஒடிஞ்ச கேபிளைத் தலையில கட்டிட்டான்' என்று கடைக்குத் திரும்பிச் சண்டை போட்டவர்கள் உண்டு. அது ஒடிந்ததன்று. இங்கே ஊசி வேண்டா என்று முதலிலேயே ஒதுக்கப்பட்ட இடம் அது. பிற்காலத்தில்தான் 5 வோல்ட் மின்சாரத்துக்குக் கொடுக்கப்பட்டது. அந்த ஊசி இல்லாமலும் படம் வரும். சண்டை போட்டவர்களில் சிலருக்கு வேறு கேபிள் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் ஒன்பதாம் ஊசி இருந்திராது.

விஜிஏ-வுக்கு மரணத் தேதி குறிக்கப்பட்ட வரலாறு தனிச் சுவை உடையது. இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி ஆகிய பெருங்கம்பெனிகள் 2010 டிசம்பரில் கூடி, 2015-ஐ ஒட்டி இதைக் கைவிடப்போவதாக அறிவித்தன. ரிச்சி தெரு அந்த அறிவிப்பைப் படித்ததாகத் தெரியவில்லை. நீலத் தலைக் கேபிள்கள் இன்னும் அங்கே கடை வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன.

பிற ஓட்டைகளைச் சுருங்கச் சொல்வோம். டிவிஐ 1999-இல் வந்தது, பெரும்பாலும் வெள்ளை, தன்னுள் ஐந்து வகை உடையது, வாங்குவோருக்கு வேறுபாடு தெரியாது, விற்போருக்கும் தெரியாது. எச்டிஎம்ஐ 2002-இன் முடிவில் வந்தது; 19 ஊசி; படத்தோடு ஒலியும் சுமக்கும்; திருகாணி இல்லாமையால் மேசையை அசைத்தால் கழன்றுகொள்ளும். டிஸ்ப்ளே போர்ட் 2006. பழைய லேப்டாப்பில் சிறுபான்மை வரும் என்று கூறி மேலே செல்க.

அடுத்து, வருதிரை. இதைக் கடையில் சோதித்துக் காட்டுவது ஒரு தனிக் கலை. கேபிள் கடைக்காரருடையது, சிபியு கடைக்காரருடையது, வால்பேப்பரும் அவர் தேர்ந்தது. வால்பேப்பர் பெரும்பாலும் பல நிறப் பூவாகவோ பச்சை மலையாகவோ இருக்கும். பூவில் புள்ளி தெரியாது. ஆகவே வெள்ளைத் திரை ஒன்றும் கறுப்புத் திரை ஒன்றும் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். வெள்ளையில் செத்த புள்ளி தெரியும், கறுப்பில் அணைய மறுக்கும் புள்ளி தெரியும். இதற்கு உலகச் சட்டமே இருந்தது: 2001-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 13406-2. பத்து லட்சம் புள்ளிக்கு எப்போதும் ஒளிர்வன இரண்டு, எப்போதும் இருள்வன இரண்டு, அரைகுறையானவை ஐந்து என்ற அளவுவரை இரண்டாம் வகுப்புத் திரையில் பொறுத்துக்கொள்க என்பது அதன் தீர்ப்பு. இந்தச் சட்டத்தைக் கடையில் எடுத்துக்காட்டி வாதிடலாமோ எனின், ஆகாது. 'டெஸ்டிங் வாரண்டி ஒரு வாரம் சார், ஏதாச்சும்னா எடுத்துட்டு வாங்க' என்பதே அங்கே நடப்பிலுள்ள சட்டம். அதுவும் பில்லில் எழுதப்படாத சட்டம்.

ஏறக்குறைய 2010 வரை செய்யப்பட்ட மானிட்டர்களில் பின்னொளி தருவது மெல்லிய ஃப்ளோரசன்ட் குழல். பிறகு வந்தவற்றில் எல்இடி. குழலுக்கு வயதானால் வெள்ளை மஞ்சளிக்கும். சுவிட்ச் போட்டதும் முழு வெளிச்சம் வரச் சில நிமிடம் பிடிக்கும். போட்டதும் ஓரிரு நொடி படம் தெரிந்து அணைந்துபோனால் குழலிலோ அதை ஏற்றும் இன்வர்ட்டரிலோ கோளாறு. அப்போது இருண்ட திரையின்மேல் டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால் படம் மங்கலாகத் தெரியும். படம் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை. இந்த நிலையில் உள்ள மானிட்டரை யாரும் வாங்கக் கூடாது. ஆனால் டார்ச் அடித்துப் பார்க்கும் வாடிக்கையாளரைக் கண்டால் கடைக்காரர் கூடுதல் மரியாதை தருகிறார் என்பது கண்கூடு.

வருதிரையின் உறுப்புகளுள் தலையாயது கண்ணுக்குத் தெரியாதது. மானிட்டருக்குள் 128 பைட் நீளத்தில் ஒரு ஜாதகம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஈடிஐடி என்பது அதன் பெயர். வெசா என்னும் அமைப்பு 1994-இல் வகுத்த முறை. குலத்தைச் சொல்லும் மூன்றெழுத்து, பிறந்த வாரம், பிறந்த ஆண்டு, சென்டிமீட்டரில் நீள அகலம், எந்தெந்த அளவில் படம் காட்ட ஒப்பும் என்ற விவரம் எல்லாம் அதில் உண்டு. ஆண்டை 1990-இலிருந்து எண்ணி எழுதுவது மரபு. 2009-இல் பிறந்த மானிட்டரில் 19 என்று இருக்கும். 128 பைட்டையும் கூட்டி 256-ஆல் வகுத்தால் மீதி வரக் கூடாது. வந்தால் ஜாதகத்தில் கோளாறு. விஜிஏ கேபிளின் 12, 15 ஆகிய ஊசிகள் இதைக் கொண்டுபோய்க் கொடுக்கவே இருக்கின்றன. லேப்டாப் முதலில் இதை வாங்கிப் படித்துவிட்டுத்தான் எந்த அளவில் படம் அனுப்புவது என்று முடிவுசெய்கிறது.

'ரெண்டு வருஷம்தான் சார் ஓடியிருக்கு, ஐடி கம்பெனில இருந்து வந்த பீஸ்' என்று கடைக்காரர் சொல்லும் நேரத்தில் மானிட்டரின் முதுகிலுள்ள ஸ்டிக்கர் கிழிந்திருக்கக் கூடும். கிழிந்தது தற்செயல் என்றே கொள்வோம். உள்ளே இருக்கும் ஜாதகம் கிழியாது. லேப்டாப்பில் மாட்டி, அதைப் படித்துக் காட்டும் ஒரு சின்ன மென்பொருளை ஓட்டினால் பிறந்த வாரம்வரை ஒப்பித்துவிடும். கல்யாணச் சந்தையில் இந்த வசதி இல்லை.

மலிவான கேபிள்கள் சிலவற்றில் அந்த 12, 15 ஆகிய ஊசிகளுக்குப் பின்னால் கம்பியே இராது. ஜாதகம் கைக்கு வராத லேப்டாப், எதற்கு வம்பு என்று 1024-க்கு 768 போன்ற ஒரு பொது அளவை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எழுத்துகள் பூதாகரமாகத் தெரியும். 'டிரைவர் போடணும்' என்பார் ஒரு நண்பர். 'ஃபார்மேட் பண்ணிடலாம்' என்பார் இன்னொரு நண்பர். போட வேண்டியது வேறு கேபிள்.

ஜாதகம் எழுதும் முறையிலேயும் ஒரு சிக்கல் உண்டு. அதன் ஒரு கட்டத்தில் அகலத்தை எட்டின் மடங்காக மட்டுமே எழுத முடியும். நம் பழைய லேப்டாப்களில் பெரும்பாலானவற்றின் அகலமும், அதே காலத்துப் பதினெட்டரை அங்குல மானிட்டர்களின் அகலமும் 1366. எட்டால் வகுபடாது. வேறொரு கட்டத்தில் விரித்து எழுத வழி இருக்கிறது. இருந்தும் பழைய டிரைவர்கள் சில 1360 என்று கொடுத்துச் சமாளித்தன. மீதி ஆறு புள்ளி எங்கே போயின என்று கேட்டவர் எவரையும் யாம் கண்டதில்லை.

புணரியல்

இயல்பாவது, நிலைக்கணினியின் ஈற்றிலும் விஜிஏ, வருதிரையின் முதலிலும் விஜிஏ நின்று, இடையில் எதுவும் தோன்றாமலும் திரியாமலும் கெடாமலும் கூடுவது. மாட்டு, திருகு, சுவிட்ச் போடு, படம் வந்துவிடும். இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை எனலாம். ஆனால் திருகாணி இருக்கிறது.

திருகாணியை வைத்து மாந்தர் மூவகைப்படுவர். இரண்டையும் முறுக்குவோர், ஒன்றை முறுக்குவோர், ஒன்றையும் முறுக்காதோர். மூன்றாம் வகையினரின் வீட்டில் யாராவது மேசையருகே நடந்தால் திரை மஞ்சளாகும். இரண்டாம் வகையினர், முறுக்கிய பக்கம் இறுகி முறுக்காத பக்கம் தூக்கிக்கொள்ளும்படி வாழ்கிறார்கள். முதல் வகையினருக்குத் துன்பம் கழற்றும் நாளில் வரும். கேபிளின் திருகாணி தனியாகக் கழலாமல், லேப்டாப்பின் உடம்பில் இருந்த அறுகோண மரையையும் பிடுங்கிக்கொண்டே வெளிவரும். அந்த மரையை மறுபடி அதன் இடத்தில் ஏற்றிய இல்லத்தரசர் எவரும் இல்லை; அது ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் கிண்ணத்தில் சேர்கிறது.

படம் வந்ததும் எழுத்துகள் கலங்கியோ, படம் ஒருபக்கமாக ஒதுங்கியோ இருந்தால் பழியைக் கேபிள்மேல் போட வேண்டாம். விஜிஏ-வில் வருவது ஏறி இறங்கும் மின் அலை. அதை எந்தக் கணத்தில் புள்ளி புள்ளியாக வெட்டுவது என்பது மானிட்டரின் ஊகம். மானிட்டரின் விளிம்பில் 'ஆட்டோ' என்றொரு பொத்தான் இருக்கும். ஊகத்தை மறுபடி செய் என்பதே அதன் பொருள். எழுத்து நிறைந்த வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு அழுத்துவது உத்தமம். ஓரம் எங்கே முடிகிறது என்பது அப்போதுதான் மானிட்டருக்குத் தெரியும். இரவுக் காட்சி ஓடும் சினிமாவை வைத்துக்கொண்டு அழுத்தியவர்களின் திரைகள் இன்றும் கோணலாக இருக்கின்றன.

இனித் தோன்றல். லேப்டாப்பின் ஈற்றில் எச்டிஎம்ஐ மட்டும், மானிட்டரின் முதலில் விஜிஏ மட்டும் என்க. உயிரீற்றின் முன் உயிர் வந்தால் நடுவே உடம்படுமெய் தோன்றுமன்றோ? இங்கே கன்வர்ட்டர் தோன்றும். உடம்படுமெய்யில் யகரம் வரும் இடம் வேறு, வகரம் வரும் இடம் வேறு. கன்வர்ட்டரிலும் எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்குப் போவது வேறு, விஜிஏ-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போவது வேறு. முன்னது எண்ணை அலையாக்கும், பின்னது அலையை எண்ணாக்கும். ஒன்றைத் திருப்பி மாட்டி மற்றொன்றாகப் பயன்படுத்த இயலாது. இரண்டும் கறுப்பு, இரண்டும் தீப்பெட்டி அளவு, இரண்டிலும் இரண்டு முனை. கடைப் பையன் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பான். 'இது ரெண்டு பக்கமும் வேலை செய்யும் சார்' என்று அவன் சொல்வது வணிகத்தில் உண்மை, இலக்கணத்தில் வழு. அலையை எண்ணாக்கும் வகைக்குப் பெரும்பாலும் இரண்டு வால் இருக்கும்: மின்சாரத்துக்கு யுஎஸ்பி வால், ஒலிக்கு இயர்போன் குழியில் செருகும் வால். வாலைப் பார்த்து வகையறிதல் இத்துறையில் உள்ள மிக உறுதியான சோதனை.

வாலில்லாத வகை எச்டிஎம்ஐ ஓட்டையிலிருந்தே மின்சாரம் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஓட்டை தர வேண்டியது 5 வோல்ட்டில் குறைந்தது 55 மில்லியாம்பியர். அதற்குமேல் கொடுக்க லேப்டாப்புக்குக் கடமையில்லை. கன்வர்ட்டர் அதிகம் கேட்டால் படம் வந்து வந்து போகும். அதைக் கண்டு மானிட்டரின் மண்டையில் தட்டுவது மரபு; குற்றவாளி நடுவில் தொங்கிக்கொண்டிருக்கிறான்.

போலியும் உண்டு. ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ, நடுவே வெறும் கேபிள். சில கேபிள்களின் தலைக்குள் மாற்றித் தரும் சிப் இருக்கும், சிலவற்றில் இராது. வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. சிப் இல்லாதது இரண்டு ஓட்டையிலும் கச்சிதமாகப் பொருந்தும், ஒன்றும் செய்யாது. இதற்கு நேர்மாறானது டிவிஐ-க்கும் எச்டிஎம்ஐ-க்கும் இடைப்பட்ட கேபிள். முனைகள் வேறுவேறாக இருந்தாலும் இரண்டிலும் படம் போகும் முறை ஒன்றே ஆதலால், சிப் எதுவும் இல்லாமலே வேலை செய்யும். உருவம் வேறாயினும் உள்ளே இயல்புப் புணர்ச்சியே என்று போதரும்.

திரிதல். ஒரு பழைய கேபிளில் ஓர் ஊசி வளைந்தால் ஒரு நிறம் வராது. முதலாம் ஊசி சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம். வெள்ளைத் திரை ஆகாய நீலமும் பச்சையும் கலந்தாற்போல் தெரிந்தால் சிவப்பு போயிற்று. கத்திரிப்பூ நிறமானால் பச்சை போயிற்று. மஞ்சளானால் நீலம் போயிற்று. இந்த ஒரு விதி தெரிந்தவர் கடைக்காரரிடம் 'கலர் ஒரு மாதிரி இருக்குங்க' என்று இழுக்க வேண்டியதில்லை. 'ரெண்டாவது பின் எடுக்கல' என்று சொல்லலாம். சொன்ன மாத்திரத்தில் வேறு கேபிள் கைக்கு வரும்.

திரிதலில் இன்னொரு வகை உருவத்திரிபு. பழைய அலுவலக மானிட்டர்களில் பதினேழு அங்குலச் சதுரமுகம் ஏராளம். 1280-க்கு 1024; அகலம் ஐந்தானால் உயரம் நான்கு. லேப்டாப் அகல முகம். லேப்டாப்பின் படத்தை அப்படியே மானிட்டரில் திணித்தால் சீரியல் நாயகியர் யாவரும் மெலிந்து வளர்ந்துவிடுவர். எதிர்மறையாக, சதுரமாக எடுத்த பழைய படத்தை அகலத் திரையில் இழுத்துப் போட்டால் கதாநாயகர் பருப்பார். இதைச் சரிசெய்ய மெனுவில் வழி உண்டு. எம் அவதானத்தில் பெரும்பாலோர் சரிசெய்வதில்லை. இரண்டாம் நாளில் கண் பழகிவிடுகிறது, மூன்றாம் நாளில் அந்த நாயகியைச் செல்போனில் பார்த்தால்தான் என்னமோ போல இருக்கிறது.

கெடுதல். விஜிஏ ஒலி சுமப்பதில்லை. அது கெட்டதன்று, இல்லாதது. வியப்புக்குரியது எச்டிஎம்ஐ. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ, மானிட்டரிலும் எச்டிஎம்ஐ, இயல்புப் புணர்ச்சி என்று மகிழ்ந்து பாட்டுப் போட்டால் சத்தம் வராது. லேப்டாப் தன் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஒலியை மரியாதையாக மானிட்டருக்கு அனுப்பியிருக்கும். மானிட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது. ஒலி போய்ச் சேர்ந்தது, கேட்பிக்க வாயில்லை. கடிகாரத்துக்குப் பக்கத்திலுள்ள ஸ்பீக்கர் குறியைத் தட்டி, ஒலி போகும் இடத்தை லேப்டாப்புக்கே மாற்றிவிட்டால் தீர்ந்தது. இதைக் கண்டுபிடிக்காமல் 'மானிட்டர் மாட்டினதுல லேப்டாப் சவுண்டு போயிடுச்சு' என்று சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய்க் கொடுத்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ.

வழுவியல்

கேபிள் கூடியபின் லேப்டாப்பிடம் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் சாவியோடு 'பி' சாவி. 2009-இல் வந்த விண்டோஸ் 7 தொட்டு இதுவே வழக்கு. அதற்கு முன் கம்பெனிக்கு ஒரு சாவி. அழுத்தினால் நான்கு நிலை தோன்றும்: லேப்டாப் திரை மட்டும், இரண்டிலும் ஒன்றே, இரண்டையும் நீட்டியது, வருதிரை மட்டும். முதல் நிலைக்கு மானிட்டர் வாங்கத் தேவையில்லை. கடைசி நிலையை லேப்டாப் திரை உடைந்தவர்கள் மட்டும் போற்றுவர். உடைந்த லேப்டாப்புக்கு மறுவாழ்வு தரும் நிலை அது என்பதால் இந்நூலும் அதைப் போற்றுகிறது.

நடுவிலுள்ள இரண்டைப் பற்றியே இரு கட்சியினரும் மோதுகின்றனர். டூப்ளிகேட் கட்சியார், ஒன்றையே இரண்டு இடத்தில் காண்பதில் நிறைவு பெறுபவர். எக்ஸ்டெண்ட் கட்சியார், ஒரு திரையில் வேலையும் மறுதிரையில் கிரிக்கெட்டும் வைப்பவர். வேலை இரட்டிக்கும் என்பது இவர்கள் வீட்டில் சொல்லிய காரணம். இரட்டித்ததை யாம் காணவில்லை. கிரிக்கெட் ஒரு பந்துகூடத் தவறவில்லை என்பதைக் கண்டிருக்கிறோம்.

எக்ஸ்டெண்ட் கட்சியில் இடவழு மிகுதி. புதிதாக வந்த மானிட்டரை லேப்டாப்பின் வலப்புறம் இருப்பதாகவே விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். வீட்டில் வலப்புறம் சுவர், மானிட்டர் இடப்புறம். ஆகவே மவுஸை வலப்பக்கம் தள்ளித் தள்ளிச் சுவரில் மோதவிட்டால் அம்பு இடப்புறத் திரையின் இடது ஓரத்தில் முளைக்கும். செட்டிங்ஸில் இரண்டு பெட்டி வரைந்திருக்கும். ஒன்றை இழுத்து மறுபக்கம் வைத்தால் போதும். ஆயினும் ஆண்டுக்கணக்கில் இப்படியே பழகிக் கை வசப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் மேசையைச் சரிசெய்துவைப்பது நன்றி பெறாத வேலை. வழுவாயினும் வழங்கி வந்தமையால் அமைக்கப்படும், இடவழுவமைதி என்க.

திணைவழுவும் உண்டு. மானிட்டர் அஃறிணை. ஆனால் ரிச்சி தெருவில் அது எப்போதும் உயர்திணை ஆண்பால்: 'இவன் நல்லா ஓடுவான் சார்.' வீட்டுக்கு வந்தபின் வாங்கியவரும் அதே பாலில் தொடர்கிறார்: 'இவன் சிக்னலே எடுக்க மாட்டேங்கறான்.' மகிழ்ச்சியாலும் சினத்தாலும் திணை மாறலாம் என்று நன்னூல் விலக்குக் கொடுத்திருக்கிறது. கடைக்காரர் முதல் காரணத்தாலும் வாடிக்கையாளர் இரண்டாம் காரணத்தாலும் அந்த விலக்கைப் பயன்கொள்கிறார்கள்.

எக்ஸ்டெண்ட் கட்சியினருக்கே உரிய இன்னொரு துயரம், கேபிளைக் கழற்றியபின் திறக்காத ஜன்னல். மானிட்டரில் கடைசியாகத் திறந்திருந்த மென்பொருள் சில, மானிட்டர் போனபின்னும் அங்கேயே திறந்துகொண்டிருக்கும். கீழே பட்டையில் குறி தெரியும், ஆளைக் காணோம். விண்டோஸ், ஷிஃப்ட் ஆகிய இரு சாவிகளோடு இடது அம்பையோ வலது அம்பையோ தட்டினால் அது லேப்டாப் திரைக்குள் துள்ளிக் குதிக்கும். அலுவலகத்தில் இந்த ஒரு வித்தையைச் செய்துகாட்டியே கணினி வல்லுநர் பட்டம் பெற்று, அதன்பின் எல்லாருடைய பிரிண்டரையும் பார்க்கும் பொறுப்பில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. வித்தை கற்பிப்பது எம் கடமை. காட்டுவதும் மறைப்பதும் வாசகர் விருப்பம்.

நிற்றல் பற்றியும் ஒரு சொல். செகண்ட் ஹேண்ட் மானிட்டருக்குப் பலவேளை ஸ்டாண்டு இராது. முதுகில் நான்கு திருகாணிக் குழி இருக்கும். ஒன்றுக்கொன்று 100 மில்லிமீட்டர், சிறியவற்றில் 75. வெசா வகுத்த அளவு என்பதால் எந்தக் கம்பெனி ஸ்டாண்டும் பொருந்தும், தனியே விலைக்குக் கிடைக்கும். யாரும் வாங்குவதில்லை. சுவரில் சாய்த்துக் கீழே நூல் அடுக்குகிறார்கள். எந்த நூல் உகந்தது என்பதில் ஆய்வு தேவை. கோனார் உரை மெலிது, வழுக்கும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் கனம், உயரம், உறுதி மூன்றிலும் நிகரற்றது. கண் மட்டத்துக்கு மானிட்டரை உயர்த்த இரண்டு தொகுதி போதும். குறை ஒன்றே: ஏதேனும் சொல்லுக்குப் பொருள் பார்க்க வேண்டுமாயின் கணினியை அணைக்க வேண்டும்.

புறனடை

மேற்கூறிய விதிகளுள் அடங்காதனவும் வரும்; அவற்றைச் சான்றோர் வழக்கு நோக்கி அமைத்துக்கொள்க. சார்ஜரைக் கழற்றினால் படம் தெளிவாகவும், செருகினால் மங்கலான பட்டைகள் மேலிருந்து கீழே ஊர்வதாகவும் இருக்கும் வீடுகள் உண்டு. அங்கே எர்த் கம்பியைப் பார்க்க வேண்டும். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை ஒடித்து இரண்டு முள் சாக்கெட்டில் சொருகும் வழக்கமுடைய வீடாயின் பார்க்கவே வேண்டாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம்.

எல்லாம் கூடிப் படம் நிலைத்த அந்தக் கணத்திலேயே வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, 'இதுல டிவி தெரியுமா?' என்று கேட்பார். செட்டாப் பாக்ஸின் ஈற்றில் எச்டிஎம்ஐ. நம் மானிட்டரின் முதலில் விஜிஏ. தோன்றல் விதிப்படி கன்வர்ட்டர் போடலாம். ஆனால் செட்டாப் பாக்ஸ் எச்டிசிபி என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டோடு வரும். எதிரே இருப்பது தன்னைப் போலவே பூட்டுச் சாவி உடையதா என்று கேட்டுவிட்டுத்தான் படம் விடும். விஜிஏ-வுக்கு அந்தக் கேள்வியும் புரியாது, பதிலும் தெரியாது. சில சானல் வரும், சில கறுத்துவிடும். பெரியவர் கேட்கும் சானல் பெரும்பாலும் கறுக்கும் வகையைச் சேர்ந்தது. இதற்கு விதி காண எச்டிஎம்ஐ ஓட்டையுள்ள இன்னொரு செகண்ட் ஹேண்ட் மானிட்டர் தேவைப்படுகிறது. வீட்டில் அனுமதி கேட்டிருக்கிறோம்.